ஏழு நாளுக்கும் நான்கு மாதத்துக்கும் நடுவே

உல்லாசக் கப்பல் நிறுவனங்களில் பயணத் திட்டம் வகுப்பவர்களுக்கு,

வணக்கம்.

நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இருவருக்கும் கடல் பிடிக்கும். டெக்கில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கரை தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எங்களுக்குப் பொழுது போய்விடும். அதற்கு வேண்டியது நேரமும் கப்பலும். நேரம் எங்களிடம் கொட்டிக் கிடக்கிறது, கப்பல் உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் உங்கள் அட்டவணையைத் திறந்தால் மூன்று இரவு, நான்கு இரவு, ஏழு இரவு என்றுதான் பக்கம் பக்கமாகப் போகிறது. கடைசியில் எங்கோ ஒரு மூலையில், உலகைச் சுற்றிவர நான்கு மாதம். இடையில் இருக்க வேண்டிய இருபத்தைந்து நாள், நாற்பது நாள் பயணங்களைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

உங்களில் ஒருவரிடம் கேட்டும் பார்த்தேன். பெயர் வேண்டாம், யாரிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். "ஏழு நாள் பயணத்திலேயே மூன்றை அடுத்தடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்களேன் சார், இருபத்தொரு நாள் ஆகிவிடும்" என்றார் விற்பனைப் பிரிவில் இருந்தவர். கணக்கு சரிதான். நாங்களும் அப்படியே செய்தோம்.

அந்த இருபத்தொரு நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டாம் நாள் காலையில் கப்பல் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வந்தது. தொடர்ந்து பயணம் செய்கிறவர்கள் என்று எங்கள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். எங்களைப் போல முப்பது நாற்பது பேர். எல்லாம் நரைத்த தலைகள். கப்பலில் இருக்கும் பயணிகளின் எண்ணிக்கை ஒரு முறை பூஜ்ஜியத்துக்கு வர வேண்டுமாம். அதற்காக எங்களை வரிசையாகக் கரைக்கு இறக்கி, குடிநுழைவு அதிகாரியின் மேசை வழியாக ஒரு சுற்று சுற்றி, அரை மணி நேரத்தில் மறுபடியும் ஏற்றினார்கள். உள்ளே வந்தால் தாழ்வாரம் முழுக்க அழுக்குப் படுக்கைவிரிப்பு மலைமலையாகக் கிடக்கிறது. சாயங்காலம் மறுபடியும் அவசரகாலப் பயிற்சி, மறுபடியும் அதே வரவேற்பு உரை, அதே இடத்தில் அதே நகைச்சுவை. முதல் வாரம் போன துறைமுகங்களுக்கே மூன்றாம் வாரமும் போனோம். வினாடி வினாவில் அதே கேள்விகள். மூன்றாவது முறை, கேள்வி முடிவதற்குள் என் மனைவி பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு தானே வெட்கப்பட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அப்படியும் ஒரு சாவிக்கொத்து பரிசாகக் கிடைத்தது. இப்போது வீட்டில் மூன்று இருக்கின்றன.

ஒரே வாரத்தை மூன்று முறை வாழ்ந்துவிட்டு வந்தோம். அதை நீண்ட பயணம் என்று எப்படிச் சொல்வது?

ஏன் இப்படி என்று நானே யோசித்துப் பார்த்தேன். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்கு எழுதியவன் என்பதால், உங்கள் ஆண்டறிக்கைகளையும் எடுத்துப் படித்தேன். (ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.) 2023ஆம் ஆண்டில் கார்னிவல் நிறுவனத்தின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே டிக்கெட்டுக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது. ராயல் கரீபியனில் முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல். மது, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, மசாஜ், இணையம் எல்லாம் இதில் அடக்கம். ஆக, உங்களுக்கு ஒரு பயணி என்பவர் டிக்கெட் வாங்கியவர் மட்டும் இல்லை, தினமும் எவ்வளவு செலவழிப்பார் என்பதும் சேர்ந்தவர்தான்.

இந்தத் தராசில் நாங்கள் நிற்க மாட்டோம், ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாளுக்கு வருகிறவர் மூன்று நாளும் கொண்டாட்ட மனநிலையில் இருப்பார், பர்ஸ் திறந்தே இருக்கும். நாற்பது நாளுக்கு வருகிறவருக்கு ஐந்தாம் நாளிலேயே கப்பல் வீடாகிவிடுகிறது. வீட்டில் யார் தினமும் காக்டெயில் வாங்குவார்கள்? சூதாட்டக் கூடத்தை முதல் நாள் ஒரு சுற்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம், அதோடு சரி. பத்து முறை பயணம் செய்தவர் என்று நீங்களே தரும் சலுகையில் துணியையும் இலவசமாகத் துவைத்துக்கொள்கிறோம். துறைமுகத்தில் உங்கள் சுற்றுலாப் பேருந்தில் ஏறாமல் நாங்களாகவே நடந்து போய்விட்டு வருகிறோம். ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் நாங்கள் நஷ்டம்தான்.

அதோடு, கப்பல்கள் போகிற போக்கும் எங்களுக்கு எதிராக இருக்கிறது. 2024இல் ஓடத் தொடங்கிய ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் கிட்டத்தட்ட 2,48,000 டன் கொள்ளளவு, நிறைந்தால் 7,600 பயணிகள். அத்தனை பேரைச் சின்னத் துறைமுகம் எதுவும் தாங்காது. நாற்பது நாளுக்கு அத்தனை படுக்கைகளை நிரப்பவும் முடியாது. அதனால் அது ஏழு நாள் வட்டமடிக்கிறது. வட்டத்தின் நடுவில் உங்கள் சொந்தத் தீவோ, சொந்தக் கடற்கரையோ ஒன்று இருக்கும். ராயல் கரீபியனுக்கு கோகோகே, எம்எஸ்சிக்கு ஓஷன் கே, 2025இலிருந்து கார்னிவலுக்கு செலிப்ரேஷன் கீ. கரையில் செலவழிக்கும் காசும் உங்கள் பெட்டிக்கே வந்துவிடுகிறது. யுட்டோப்பியா ஆஃப் தி சீஸ் போன்ற புத்தம் புதிய ராட்சதக் கப்பலையே முதல் நாளிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கு விட்டீர்கள் என்றால், காசு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது.

எல்லாம் பேராசை என்று சொல்லிவிட முடியாது, அதுவும் தெரியும். நீண்ட பயணத்தில் தலைவலிகள் நிஜமானவை. எங்கள் வயதில் நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தால் கப்பல் மருத்துவரால் ஓரளவுதான் சமாளிக்க முடியும். ஹெலிகாப்டர் வரக்கூடிய தூரத்துக்குக் கப்பலைத் திருப்ப வேண்டியிருக்கும். கப்பலின் அடித்தளத்தில் பிணவறை இருப்பது எங்களுக்கும் தெரியும், அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளவும் செய்கிறோம். வயது ஏற ஏறக் காப்பீடு கிடைப்பதே பெரும்பாடு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, சூயஸ் வழியாகப் போக வேண்டிய உலகப் பயணங்களை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திருப்பிவிட்டீர்கள். ஒரு வாரப் பயணத்தில் ஒரு துறைமுகத்தை மாற்றுவது வேறு, இது வேறு. ஐரோப்பாவில் 2024லிருந்து கப்பல் வெளியிடும் புகைக்கும்கூடக் காசு கட்ட வேண்டியிருக்கிறது. சரி.

ஆனால் இந்தக் காரணங்களையெல்லாம் கேட்ட பிறகும் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது நடுத்தர அளவுக் கப்பல்களை வரிசையாக விற்றுத் தள்ளினீர்கள். ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் இரண்டும் தலா சுமார் 1,400 பேர் போகக்கூடியவை, நீண்ட பயணத்துக்கென்றே அளவெடுத்தது போன்ற கப்பல்கள். ஃப்ரெட் ஓல்சன் நிறுவனம் வாங்கி போலெட், போரியாலிஸ் என்று பெயர் மாற்றியது. இன்று அவை மாதக்கணக்கில் பயணம் போகின்றன. பிரின்சஸ் நிறுவனம் விற்ற சன் பிரின்சஸ் இப்போது பசிபிக் வேர்ல்டு என்ற பெயரில், ஜப்பானின் பீஸ் போட் அமைப்பிடம் நூறு நாளைத் தாண்டிய பயணங்களில் உலகைச் சுற்றுகிறது. உங்களுக்கு உதவாது என்று கழித்துக் கட்டிய கப்பல்கள்தான் இவை. அவற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்று ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கப்பல் நடத்துகிறது பிரிட்டனின் சாகா. 2019இல் அவர்கள் புதிதாகக் கட்டி இறக்கிய கப்பலில் ஆயிரம் பேருக்குள்தான் இடம். ராயல் கரீபியனே 2023 டிசம்பரில் 274 இரவுப் பயணம் ஒன்றைத் தொடங்கி 2024 செப்டம்பரில் முடித்தது. அதற்கு அவர்கள் அனுப்பியது புது ராட்சதத்தை இல்லை, 2003இல் கட்டிய செரினேட் ஆஃப் தி சீஸை. மனம் வைத்தால் எந்தக் கப்பல் பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துதான் இருக்கிறது.

அதே சமயத்தில் இன்னொரு நிறுவனம் மூன்று வருடப் பயணம் என்று அறிவித்து, பணமும் வாங்கி, கடைசியில் கப்பலே கிடைக்காமல் 2023 நவம்பரில் கைவிரித்தது. வீட்டை விற்றும் வாடகைக்கு விட்டும் பெட்டியோடு காத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். "பார்த்தீர்களா, நீண்ட பயணம் சரிப்படாது" என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஆள் இருந்தார்கள், கப்பல்தான் இல்லை.

உங்கள் கணக்கில் விடுபட்ட வரிகளும் உண்டு. வாரா வாரம் கப்பலைக் காலிசெய்து நிரப்புவதற்கு எவ்வளவு ஆகிறது? அத்தனை பெட்டிகளை இறக்கி ஏற்றி, அத்தனை அறைகளையும் ஒரே பகலில் துடைத்து, அடுத்த வாரத்துக்கு விளம்பரம் செய்து, முகவருக்குக் கமிஷன் கொடுத்து... வருடத்துக்கு ஐம்பத்திரண்டு முறை. நாற்பது நாள் பயணத்தில் ஒரு படுக்கையை ஒரு முறை விற்றால் போதும். பள்ளி திறந்த பிறகு குடும்பங்கள் வராத மாதங்களில் விலையைத் தரைக்கு இறக்குகிறீர்கள் அல்லவா, அந்த மாதங்களில் வர நாங்கள் தயார். எங்களுக்கு லீவு போட வேண்டியதில்லை. தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய கப்பல் கட்ட வேண்டாம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் எப்படியும் கப்பல்களைக் கரீபியனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கும், அங்கிருந்து திரும்பவும் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். கப்பலை இடம் மாற்ற வேண்டிய கட்டாயத்துக்காக, இரண்டு வாரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறீர்கள், குறைந்த விலைக்கு டிக்கெட்டும் விற்கிறீர்கள். அதில் ஏறிப் பார்த்தால் முக்கால்வாசி எங்கள் வயதுக்காரர்கள்தான். நாங்கள் ஒரு முறை போனோம். ஆறு நாள் தொடர்ந்து வெறும் கடல். ஒரு பெரியவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே நாற்காலிக்கு வந்து, ஒரே தடித்த புத்தகத்தைப் பிரித்து, இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தூங்கிவிடுவார். ஆறாம் நாள் அவர் வராதபோது மூன்று பேர் அவர் அறை எண்ணை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார்! ஏழு நாள் வட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் தெரிவதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு வாரத்தை ஐந்து வாரமாக நீட்டுங்கள். போகிற வழியில் அசோர்ஸ், மடெய்ரா, கேனரி தீவுகள் இருக்கின்றன. ஒரு துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நின்று அவசரமாகக் கிளம்பாமல், ஒரு ராத்திரி தங்குங்கள். முட்டி வலிக்கிறவனுக்கு அந்த ஒரு ராத்திரியின் அருமை தெரியும்.

இன்னொன்று, தனியாக வருகிறவர்கள். துணையை இழந்த பிறகுதான் பலருக்குக் கடல் மேல் ஆசை வருகிறது. அவர்களிடம் இருவர் அறைக்கான காசைக் கிட்டத்தட்ட முழுதாக வாங்குகிறீர்கள். ஏழு நாளுக்கு அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம், நாற்பது நாளுக்கு எங்கே போவது? 2010இல் நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 சின்ன அறைகள் வைத்தார்கள். அவை பெரும்பாலும் குறுகிய பயணத்துக்கே பயன்படுகின்றன என்பதுதான் வேடிக்கை.

உங்கள் அடுத்த அட்டவணை ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன்பே தயாராகிவிடும் என்று தெரியும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். அதில் ஒரே ஒரு கப்பலுக்கு, குடும்பங்கள் வராத மாதங்களில், முப்பத்தைந்து நாள் என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். மாத்திரைகளை மொத்தமாக வாங்கி வைக்க எங்களுக்கு ஒரு வாரம் வேண்டும். பெட்டி கட்ட இரண்டு நாள் போதும்.

இப்படிக்கு,
மூன்று சாவிக்கொத்துகளோடு காத்திருக்கும்
ஓய்வுபெற்ற ஒரு கணக்கர்