பெயிண்டுக்கு லட்சம் இருக்கிறது, புஷ்ஷுக்கு மனசு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் பிரமாதம். பெயிண்ட், குரோமிய பம்பர், புது சீட் கவர் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருந்தீர்கள், ஆனால் ஒரு வண்டிக்காவது அடியில் குனிந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம்ம கொங்கு பக்கம் இப்போது பழைய அம்பாசிடர், பத்மினி வாங்கித் தூசி தட்டுவது ஒரு மோகமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். 2014-ல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்ற பிறகு இருக்கிறதைக் காப்பாற்றினால்தான் உண்டு. ஆனால் பெயிண்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கும் விடுகிறவர்கள், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் (ஆர்மின் மூட்டில் அதிர்வைத் தாங்குகிற குழாய் மாதிரித் துண்டு) செத்துக் கிடப்பதைக் கண்டுகொள்வதே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் டொக்கென்று சத்தம் வரும், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேயும். உடனே நேராக, சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுகிறார்கள். புஷ் ஆடுகிற வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்து என்ன பிரயோசனம்? கடையில் நிற்கும்போது சரியாக இருக்கிற அளவு, ரோட்டில் முதல் குழி வந்ததும் மாறிவிடும். சமதளத்தில் சமாளித்துவிடலாம், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியை இறக்கிப் பாருங்கள், தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்), ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கடப்பாரை நுனியை விட்டு லேசாக நெம்பினால் போதும். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து திரும்பி வரும். போன புஷ் லொடலொடவென்று ஆடும், ரப்பர் துகள் உதிரும். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்னோ (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புகிற அச்சு முளை) புஷ்ஷோ.

சரி, மாற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் அடுத்த கூத்து. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் என் அம்பாசிடருக்குப் புது புஷ் போட்டார்கள், பெயர் வேண்டாம். வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, அப்படியே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டார்கள். இந்த புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் இறுகினதும் உள்குழாய் அசையாது, ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே அது பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுகி நின்றுவிடும். அதுக்கு மேல் ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுகினால் கிழியாமல் என்ன செய்யும்? சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. கூடவே ‘வழுக்கட்டும்’ என்று கிரீஸ் வேறு தடவினார்கள்! கிரீஸும் இன்ஜின் ஆயிலும் இயற்கை ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயில் சொட்டுகிற வண்டியாக இருந்தால் முதலில் அந்த ஒழுகலை நிறுத்துங்கள், அப்புறம் புஷ் வாங்குங்கள்.

இன்னொன்று, அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகிக் கொடுத்து ஸ்பிரிங் வேலை பார்க்கிற இரும்புக் கம்பி), பத்மினியில் சுருள் சுருளான காயில் ஸ்பிரிங். இரண்டிலும் விசை அடங்கி நிற்கிறது. பழக்கமில்லாதவர்கள் வீட்டு வாசலில் கழற்றவே வேண்டாம். டார்ஷன் பாரைக் கழற்றும் முன் அடையாளம் போட்டுக்கொண்டு, இடது பாரை இடதிலும் வலது பாரை வலதிலும்தான் திருப்பி மாட்ட வேண்டும்.

கடையில் கிடைக்கிற புஷ்ஷின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். சிலது தொட்டாலே கை கறுப்பாகிறது, நகத்தால் கீறினால் உதிர்கிறது. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்கிற செயற்கைப் பொருளில் செய்த புஷ் போடுங்கள் என்கிறார்கள் சிலர். அது உழைக்கும், ஆனால் விறைப்பு அதிகம், சத்தமும் போடும், அந்தக் குஷன் சவாரிக்காகத்தானே அம்பாசிடரையே வைத்திருக்கிறோம். எனக்கு உடன்பாடில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பம்பும் மோட்டாரும் செய்கிற கோவையில், அதற்கான ரப்பர் பாகங்களை மோல்டிங் செய்கிற சிறு பட்டறைகள் இருக்கிற ஊரில், ஒரு நல்ல புஷ்ஷுக்கு ஏன் அலைய வேண்டும்? டை, அதாவது வார்க்கிற அச்சு, செய்வதுதான் பெரிய செலவு, அதுக்குப் பிறகு ஒவ்வொன்றும் சல்லிசுதான். குழாயை மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்துச் சுத்தமாகப் பிளாஸ்ட் செய்து, பசை பூசி, ரப்பரை ஒட்டவிட்டு வேக வைத்தால் கழன்று வராது. ஒரு ஆள் ஆர்டரை எந்தப் பட்டறைக்காரரும் எடுக்க மாட்டார் என்பது நியாயம்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கேட்டால் எடுப்பார்கள்.

உங்கள் பக்கத்தில் இதற்கு ஓரிடம் ஒதுக்கி, ஆர்வமுள்ள பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் எழுதலாம் என்று ஒரு வரி போடுங்கள். தேய்ந்த புஷ்ஷை வைத்து அளவெடுத்தால் தப்பாகும், ஆர்மின் துளையைத்தான் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். அதற்கு என்னிடம் கழற்றி வைத்த ஆர்ம் ஒரு ஜோடி இருக்கிறது, யார் கேட்டாலும் மாதிரிக்குக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்பாசிடர்க்காரர்,
பல்லடம்.