கரண்ட் வைப்பது அந்தக் காலத்து வைத்தியமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றி, "லிம்போமாவுக்குக் கீமோ ஒன்றே போதும், கதிர்வீச்சு அந்தக் காலத்து வைத்தியம்" என்ற வரியைப் படித்து மனம் மிகவும் புண்பட்டது. என் கணவர் இன்று உயிரோடிருப்பது, கரண்ட் வைப்பது என்று நாங்கள் சொல்லும் அந்தக் கதிர்வீச்சு வைத்தியத்தால்தான்.

அவருக்கு வந்தது மூக்கில் தொடங்கும் என்.கே./டி செல் லிம்போமா, அதாவது அந்தப் பெயருள்ள வெள்ளை அணுக்களில் உண்டாகும் வகை. ஏழு மாதம் சைனஸ் என்றே மருந்து கொடுத்தார்கள். காலையில் தலையணை உறையில் ரத்தக்கறை இருக்கும். முதல் பயாப்ஸியில் செத்த சதை மட்டுமே இருந்ததால், ஆழமாக எடுத்த இரண்டாவது துணுக்கில்தான் நோயின் பெயரே தெரிந்தது.

மற்ற லிம்போமாக்களுக்குக் கைகொடுக்கும் 'சாப்' மருந்துக் கூட்டு இதில் பெரும்பாலும் பலிப்பதில்லை என்றும், உள்ளே போன மருந்தை வெளியே தள்ளிவிடும் புரதம் இந்தச் செல்களில் இருப்பதே காரணம் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதனால், நோய் மூக்கோடு நின்றிருந்தபோதே 25 நாளில் 50 கிரே அளவு கதிர்வீச்சும், அதனுடன் எட்டோபோசைடு, ஐஃபாஸ்ஃபமைடு, கார்போபிளாட்டின், டெக்ஸாமெதசோன் அடங்கிய கீமோ மூன்று சுற்றும் கொடுத்தார்கள். இதே முறையில் ஜப்பானில் 27 பேருக்குச் சிகிச்சை அளித்த ஆய்வு 2009இல் வெளியானது. இரண்டாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 78 சதவீதம். இவையெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

முகத்தை மேசையோடு பூட்டும் அந்த வலைமுகமூடியின் தடம் சாயங்காலம்வரை அவர் நெற்றியில் இருக்கும். மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, ஆறிய கஞ்சிகூட இறங்கவில்லை. அந்த நாட்களில்தான், பப்பாளி இலைச்சாறு குடித்தால் ரத்த அணுக்கள் ஏறிவிடும் என்று தங்கள் இதழில் படித்துவிட்டு, என் மாமியார் அதைக் கொடுத்தே தீருவேன் என்று அழுதார். அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, கரண்ட் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த ஒரு பெண், மடித்து வைத்திருந்த தங்கள் பக்கத்தை என்னிடம் நீட்டி, "அக்கா, இவருக்குப் பாதியிலேயே நிறுத்திடலாமா?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
திருச்சி