பிஎச் ஏற்றும் போத்தலை வாங்கும் முன்: கடல்நீர்த் தொட்டி வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தொட்டியின் பிஎச் 7.8-க்கு இறங்கிவிட்டது என்று சொல்லி, அதை ஏற்றும் கரைசலைக் கேட்டு வருவோருக்கு, நீரின் ஆல்கலினிட்டியைச் சோதிக்காமல் இனி அந்தப் போத்தலை விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இத்தனை நாளும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது எங்கள் தவறு.

தமிழில் பிஎச், ஆல்கலினிட்டி இரண்டையுமே காரத்தன்மை என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நீர் இந்த நேரத்தில் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காரப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதைக் காட்டுவது பிஎச். சேரும் அமிலத்தை ஈடுகட்ட நீரில் இருக்கும் பைகார்பனேட், கார்பனேட் முதலியவற்றின் கையிருப்பே ஆல்கலினிட்டி. பவளங்கள் தம் கூட்டைக் கட்டுவதற்கு எடுத்துக்கொள்வதும் இதிலிருந்துதான். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) இருக்கும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, கடையின் பின்புறம் இரண்டு வாளிகளில் ஒரே உப்புநீரை 20 லிட்டர் வீதம் நிரப்பினோம். இரண்டிலும் பிஎச் 8.0, சோதனைக் குப்பியில் சோதனைத் திரவத்தின் ஏழாவது சொட்டில் நீலம் மஞ்சளானது, அதாவது 7 டிகேஎச். ஒன்றில் 1.8 கிராம் சமையல் சோடாவையும், மற்றதில் 1.1 கிராம் சலவைச் சோடாவையும் (சோடியம் கார்பனேட், சலவைத்தூள் அன்று) கரைத்தோம். முதல் வாளியில் பிஎச் ஏறவில்லை, ஒரு பொட்டு இறங்கவே செய்தது, இரண்டாவதில் 8.4-ஐத் தொட்டது. ஆனால் நிறம் மாற இரண்டுக்குமே பத்துச் சொட்டு தேவைப்பட்டது. இரவு முழுவதும் காற்றுக் குமிழ் விட்டு மறுநாள் காலை அளந்தபோது, இரண்டின் பிஎச்சும் 8.1-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டிருந்தது. பத்துச் சொட்டு மட்டும் பத்துச் சொட்டாகவே நின்றது.

ஏறிய பிஎச் இறங்கிவிடுகிறது, ஏறிய ஆல்கலினிட்டி தங்கிவிடுகிறது. சன்னல்களை அடைத்துக் குளிரூட்டியைப் போட்டுவைக்கும் நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், அதிலும் புகைமூட்ட நாள்களில், நாம் விடும் மூச்சின் கரியமில வாயு அறைக்குள்ளேயே தேங்கி நீரில் கரைவதே பிஎச் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், போத்தலை எத்தனை முறை ஊற்றினாலும் அது பழைய இடத்துக்கே திரும்பும். வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் நாள்தோறும் ஊற்றிவந்தார். அவர் தொட்டி நீரைச் சோதித்தபோது பிஎச் 7.8, ஆல்கலினிட்டி 15. பம்பின் அச்சில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்ததுபோல் வெள்ளைப் படிவு. கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து அங்கே படிந்துவிட்டதால், பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் குறைந்திருந்தது.

ஆகவே ஆல்கலினிட்டி 8-க்கு மேல் இருந்து பிஎச் மட்டும் குறைந்திருந்தால், சன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஏறினால், ஸ்கிம்மரின் (நுரை எழுப்பி நீரின் கழிவை நீக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுவதே போதும். அதற்கு நாங்கள் விற்கும் குழாயின் விலை சில வெள்ளிதான். இரண்டும் குறைந்திருந்தால் மட்டுமே சலவைச் சோடாக் கரைசலோ, சுண்ணாம்புத் தெளிநீரோ தேவைப்படும். அதையும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் உயராதபடி, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். போரேட் கலந்த சில கரைசல்களில் சோதனை எண் கூடினாலும், அந்தக் கூடுதலில் ஒரு பகுதி பவளத்துக்குப் பயன்படாது என்பதால் அவற்றைக் குறைத்தே வாங்கி வைக்கிறோம்.

சோதனைக்குக் கட்டணம் இல்லை. தொட்டி நீரிலேயே அலசிய சிறு போத்தலில், மேலே காற்றிடம் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அன்றே கொண்டுவாருங்கள். வரும் வழியில் பிஎச் மாறிவிடும். அதை வீட்டிலேயே, விளக்கு எரியத் தொடங்கும் முன் ஒரு முறையும், அணையும் முன் ஒரு முறையும் அளந்து குறித்து வாருங்கள்.

இங்ஙனம்,
கடை நிர்வாகம்