மவுண்டிங் புதுசு, நடுக்கம் பழசு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன என்று பட்டறைக்கு வரும் கார்களுக்கு, பிளக், காயில், இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி என்று வரிசையாகச் செலவு செய்துவிட்டுக் கடைசியில்தான் இன்ஜின் மவுண்டிங்கை, அதாவது இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கியைப் பார்க்கிறார்கள். அதையும் மாற்றிய பிறகு, ‘புதுசு போட்டும் அப்படியேதான் இருக்கு’ என்ற புகார் வருகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் பொருத்திய விதம். கார் வைத்திருப்பவர்களும் தொழில் கற்கும் பையன்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இதில் நிறைய இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகக் குறுக்கே கிடக்கும். இன்ஜின் பக்கம் ஒரு மவுண்டிங், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு மவுண்டிங். எடையைத் தாங்குபவை இவை இரண்டும். கீழே பின்புறம் டார்க் ராடு என்று ஒன்று இருக்கும். அது எடை தாங்காது, இன்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்துக்கொள்ளும். பார்க்கச் சின்னதாக இருப்பதால் இதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் 3.5 மடங்கு, கடைசிப் பல்சக்கர ஜோடி 4 மடங்கு என்று வைத்தால் சக்கரத்துக்குப் போவது 1,400. டிஃபரன்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரக் கட்டு) அதே கூட்டுக்குள் இருப்பதால் இத்தனை விசையும் எதிர்த்திசையில் மவுண்டிங்குகள் மீதே விழுகிறது. டார்க் ராடு உருளும் அச்சிலிருந்து 35 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அதன் ரப்பர் புஷ் (நடுவே குழாய் வைத்த ரப்பர் வளையம்) மீது ஏறுவது 4,000 நியூட்டன், ஏறத்தாழ 400 கிலோ. மேட்டில் கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது இன்னும் அதிகம்.

அடுத்தது நடுக்கத்தின் கணக்கு. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் என்ற வரிச்சலுகை வரம்பு வந்த பிறகு நம் ஊரில் மூன்று சிலிண்டர் கார்கள் பெருகிவிட்டன. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பற்றும், மூன்று சிலிண்டரில் ஒன்றரை முறை. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நான்கு சிலிண்டரில் வினாடிக்கு 25 முறை அடி விழும், மூன்று சிலிண்டரில் 18.75 முறை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. வினாடிக்கு 10 என்று வையுங்கள். அடி விழும் வேகம் இந்த ஆட்ட வேகத்தைப்போல 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே போனால் அதே ரப்பர் அதிர்வைப் பெருக்கிவிடும். புது ரப்பரில் மூன்று சிலிண்டர் காருக்கு அதிர்வில் சுமார் 40 சதவீதம்தான் பாடிக்குப் போகும். வயதாகியோ, மலிவான பொருள் என்பதாலோ ரப்பரின் விறைப்பு இரண்டு மடங்கானால் ஆட்ட வேகம் 14 ஆகிவிடும். அப்போது பாடிக்குப் போவது 130 சதவீதத்துக்கும் மேல். அதே விறைத்த ரப்பர் நான்கு சிலிண்டர் காரில் இருந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கடத்தும். பழைய கார்களில் ‘கெட்டி ரப்பர் போடு, நாள்பட உழைக்கும்’ என்று கற்றுக்கொண்ட பாடம் இன்றைய கார்களில் செல்லாமல் போவது இதனால்தான். (ரப்பரின் சொந்தத் தணிப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.) ஏ.சி. போட்டதும் ஐடில் 900க்கு ஏறி நடுக்கம் குறைகிற கார்களில் நடப்பதும் இதுதான்: வினாடிக்கு 22.5 முறை அடி விழும்போது 130 என்பது 65 சதவீதமாக இறங்கிவிடுகிறது.

இது புதிய தலைவலி அல்ல. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை அதன் எடைமையத்தின் வழியாகச் செல்லும் கோட்டில் இரண்டே ரப்பர்கள் மேல் உட்கார வைத்து, ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயர் சூட்டி விற்றது. உரிமம் வாங்கிய சிட்ரோயன் அதற்கு அன்னப்பறவைச் சின்னம் போட்டது. மோட்டார் சைக்கிளில் 1967இல் வந்த நார்ட்டன் கமாண்டோ இன்னும் சுவாரசியம். இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரக் கை மூன்றையும் ஒன்றாகக் கட்டி ரப்பர் மேல் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டு இடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துக்குள், அதாவது கால் மில்லிமீட்டருக்கு, சரிசெய்ய வேண்டும். இறுகினால் நடுக்கம் ஏறும், தளர்ந்தால் வளைவில் வண்டி நெளியும். காரில் அப்படி ஷிம் கிடையாது. சரிசெய்வதற்கான இடம் பிராக்கெட்டின் நீள ஓட்டைகளிலும், போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பதிலும்தான் இருக்கிறது.

முதலில் கோளாறைக் கண்டுபிடிப்பது. ஐடிலில் ஆர்.பி.எம். முள்ளே துள்ளினால், அல்லது ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் தீப்பற்றாமல் போவது) எண்ணிக்கை ஏறினால், அது இன்ஜின் வேலை. முள் அசையாமல் நிற்க, பாடி மட்டும் நடுங்கி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து 1,100க்குக் கொண்டுபோனதும் அடங்கினால் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம். 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு, காலியான சாலையில் அந்த வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் தொடர்ந்தால் வீல் பாலன்சிங், டயர், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போக வேண்டும். கியர் போட்டுக் கிளம்பும்போதும் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போதும் ‘டொக்’ என்று அடித்தால் பெரும்பாலும் டார்க் ராடு புஷ் கிழிந்திருக்கும்.

பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அரைக் கிளட்ச்சில் மாறி மாறி லேசாக இழுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னால் யாரும் நிற்கவே கூடாது. இழுப்பு இரண்டு வினாடிக்கு மேல் வேண்டாம். இன்ஜின் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சாய்வது இயல்பு. அதைத் தாண்டிக் குதித்தால் ஏதோ ஒரு ரப்பர் கிழிந்திருக்கிறது. பிறகு கம்பியால் மெதுவாக நெம்பி, ரப்பர் இரும்போடு ஒட்டிய விளிம்பில் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் பக்க மவுண்டிங் பல கார்களில் திரவம் நிரப்பியது. உள்ளே இரண்டு அறைகள், நடுவே சுருள் வழி, அதில் கிளைக்கால் கலந்த திரவம். சின்ன அதிர்வுக்கு மென்மையாகவும், பள்ளத்தில் விழும்போது விறைப்பாகவும் நடந்துகொள்ள வைப்பது இந்த உள் அமைப்புதான். அடியில் ஈரக் கசிவோ காய்ந்த கறையோ தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. திரவத்தை மறுபடி நிரப்ப வழியில்லை. சில டீசல் கார்களில் மவுண்டிங்குக்கு மெல்லிய வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய் வரும். அந்தக் குழாய் வெடித்திருந்தால் விலை அதிகமான மவுண்டிங்கை வீணாக மாற்றிவிடுவார்கள். கை வேக்குவம் பம்ப்பால் இழுத்துப் பிடித்தால் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

இனி மாற்றும் வேலை. ஜாக்கியை இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். அகலமான, இரண்டு அங்குலக் கனமுள்ள பலகையை இடையில் வையுங்கள். தொட்டி நசுங்கி உள்ளே எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் மவுண்டிங் செலவு இன்ஜின் செலவாகிவிடும். எடை மவுண்டிங்கை விட்டு விலகும் வரை, அதாவது சில மில்லிமீட்டர், தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்கினால் ரேடியேட்டர் ஹோஸும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் இழுபடும். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். ஓட்டை நேராக நிற்கவில்லை என்று போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் (போல்ட் இறுக்கும் கருவி) இழுத்து இறுக்குவதுதான் பாதிக் கோளாறுகளுக்குப் பிறப்பிடம். ஜாக்கியை ஏற்றி இறக்கி ஓட்டையை நேராக்கி, எல்லா போல்ட்டையும் கையால் நாலைந்து மரை ஏற்றுங்கள்.

எல்லோரும் தவறவிடுவது இதற்குப் பிறகுள்ள பகுதி. ஜாக்கியை முழுதாக இறக்கி, காரைச் சக்கரத்தில் நிற்க வைத்து, புதிய மவுண்டிங்கின் போல்ட்டோடு மற்ற இரண்டின் நடு போல்ட்டுகளையும் ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். சைலன்சரின் முன் பைப் மூட்டும் இன்ஜினை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் அதையும் தளர்த்துங்கள். பிறகு இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் நன்றாக ஆட்டி விடுங்கள். சில கம்பெனி கையேடுகள் இன்ஜினை ஸ்டார்ட் செய்து சில வினாடி ஐடிலில் விடச் சொல்லும். இன்ஜின் தனக்கு வசதியான இடத்தில் தானாக உட்காரும். அதன் பிறகு எடை தாங்கும் இரண்டையும் முதலில் இறுக்கி, டார்க் ராடைக் கடைசியில் இறுக்குங்கள். கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டது. போல்ட் இறுகியதும் குழாய் அசையாது. இன்ஜின் தொங்கும்போது இறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டியிருக்கும். அப்போது புது ரப்பரும் பழைய விறைத்த ரப்பர் போலவே அதிர்வைக் கடத்தும், சீக்கிரமே கிழியும்.

இறுக்கும் அளவுக்குக் கையேடுதான் பிரமாணம். பொதுவாக 8.8 தர எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டுக்கு 45 முதல் 50, எம்12க்கு 80 முதல் 85 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் இருக்கும். சில போல்ட்டுகளுக்கு இத்தனை இறுக்கி மேலும் இத்தனை பாகை திருப்பு என்று இருக்கும். அவற்றைப் பெரும்பாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று: ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் வயரைத் திரும்ப மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகவும் பேரிங் வழியாகவும் ஓடும். ‘மவுண்டிங் மாத்தினதிலிருந்து செல்ஃப் இழுக்கல’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வயரைத்தான்.

ரப்பரைக் கொல்வது வயது மட்டும் இல்லை. மவுண்டிங்குகளில் பெரும்பாலும் இருப்பது இயற்கை ரப்பர். நெகிழ்வில் அதற்கு இணையில்லை, எண்ணெய்தான் அதற்கு எமன். வால்வு கவரிலிருந்து ஒழுகும் எண்ணெய் மவுண்டிங் மேல் சொட்டினால் ரப்பர் ஊதி, கொழகொழத்து, இரும்பைவிட்டுப் பிரியும். ஒழுகலை நிறுத்தாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது வீண். அதைவிட மோசம், வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் ‘துருப் பிடிக்காது’ என்று சொல்லி அடியில் டீசலையும் பழைய இன்ஜின் ஆயிலையும் பீய்ச்சும் பழக்கம். காசு கொடுத்து எல்லா புஷ்ஷுக்கும் விஷம் வைக்கும் வேலை இது. துருவுக்குப் பயமென்றால் ரப்பரை மறைத்துவிட்டு முறையான அடிப்பூச்சு அடிக்கச் சொல்லுங்கள்.

கிழிந்த மவுண்டிங்கில் லாரி டயர்த் துண்டைத் திணிப்பது, பாலியூரித்தேன் ஊற்றுவது ஆகியவையும் நடக்கின்றன. நைலான் இழை ஓடும் டயர்த் துண்டுக்கு நெகிழ்வு கிடையாது. வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். பாலியூரித்தேன் பந்தயக் காருக்கு ஏற்றது. ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் அளவில் மவுண்டிங் ரப்பர் பொதுவாக 45 முதல் 65 வரை. பந்தயப் புஷ்கள் 70க்கு மேல். தினம் அலுவலகம் போகும் மூன்று சிலிண்டர் காருக்கு அது என்ன செய்யும் என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

இதில் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. டயரில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே ரப்பரால் ஆன மவுண்டிங் கடை அலமாரியில் எத்தனை ஆண்டு வெந்து கிடந்தது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. கம்பெனி பாகங்கள் பலவற்றில் சிறு வட்டத்துக்குள் மாதம் காட்டும் அம்புக்குறி வார்ப்பிலேயே இருக்கும். வெளிச்சந்தைப் பாகங்கள் பலவற்றில் அதுவும் இல்லை. தயாரித்த மாதம், ஆண்டு, ரப்பரின் ஷோர் அளவு ஆகிய மூன்றையும் பாகத்தின் மீதே பொறிக்க வேண்டும் என்று உதிரிபாகத் தயாரிப்பாளர்களுக்கு அரசு உத்தரவிட வேண்டும். ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் செய்முறைத் தேர்விலும் மவுண்டிங்கைக் கழற்றி மாட்டுவதோடு நிறுத்தாமல், எடையேற்றிய நிலையில் இறுக்குவதையும் மதிப்பெண்ணுக்கு உரியதாக்க வேண்டும்.

அதுவரை கார் உரிமையாளர்கள் பட்டறையில் மூன்று கேட்கலாம்: கழற்றிய பழைய மவுண்டிங் கைக்கு வர வேண்டும், கடைசி இறுக்கு காரைத் தரையில் நிறுத்தித்தான் நடக்க வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கம் பார்த்துத் தர வேண்டும். புது ரப்பர் முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமரும் என்பதால்தான் இந்த மூன்றாவது.

இப்படிக்கு,
கார் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.