தொடுகை டி.என்.ஏ.யும் குற்றச் செய்திகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றச் செய்தியொன்றில் "டி.என்.ஏ. கிடைத்தது" என்ற வரியைக் கண்டதும் விசாரணையே முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்வதால், நீண்ட காலம் உயர்தர வகுப்புகளில் உயிரியல் கற்பித்தவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன். அண்மையில் எங்கள் பகுதிக் கடையொன்றில் பணம் திருட்டுப் போனபோது, அங்கு வேலை செய்யும் இளைஞனின் டி.என்.ஏ. பண லாச்சியில் அகப்பட்டால் அவனே கள்வன் என்று, ஒரு மாதிரிகூட எடுக்கப்படாத நிலையிலேயே, அயலில் பேசத் தொடங்கிவிட்டார்கள். நாள்தோறும் அந்த லாச்சியைத் திறந்து மூடுபவன் அவன்தான். அதில் அவனுடைய தடயம் இல்லாவிட்டால்தான் வியப்படைய வேண்டும்.

எமது தோலின் மேற்படையிலிருந்து கலங்கள் (உயிரணுக்கள்) இடைவிடாது உதிர்கின்றன, வியர்வையிலும் டி.என்.ஏ. துணுக்குகள் உள்ளன, முகத்தையும் வாயையும் தொட்ட கை அங்குள்ள கலங்களையும் சேர்த்துச் சுமக்கிறது. இவ்வாறு நாம் தொடும் பொருளில் படிவதே தொடுகை டி.என்.ஏ. எனப்படுகிறது. ஒரு கலத்தில் இருப்பது ஏறத்தாழ 6 பிக்கோகிராம் டி.என்.ஏ. மட்டுமே, அதாவது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஆறு பங்கு. ஆயினும் அதைப் பன்மடங்காகப் பெருக்கிப் படிக்கும் முறைகள் இன்று உண்டு. தொட்ட பொருளிலிருந்தே ஒருவரை அடையாளம் காணலாம் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். கைகுலுக்கும்போது ஒருவரின் டி.என்.ஏ. மற்றவரின் கைக்கு மாறுவதையும் அவர்கள் அதே கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார்கள். முதலாவது செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை என்பதே என் கவலை.

கல்முனை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வருபவர், தமக்கு முன் அதைப் பிடித்த முகமறியாத பலரின் கலங்களைக் கையில் ஏற்றிக்கொண்டு இறங்கக்கூடும். இது வெறும் ஊகமன்று. 2012 இல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் நகங்களில் கிடைத்த டி.என்.ஏ.யை வைத்து ஒருவரைக் கைதுசெய்து, பல மாதங்கள் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த இரவில் கைதானவரோ மதுபோதையில் வைத்தியசாலையில் கிடந்தார். அவரைக் கொண்டுசென்ற அம்புலன்ஸ் ஊழியர்களே சில மணி நேரத்தின் பின் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தனர் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஜேர்மனியிலோ, பல இடங்களில் கிடைத்த ஒரே டி.என்.ஏ.யை வைத்து, பல குற்றங்களைச் செய்த ஒரே பெண் என்று ஆண்டுக்கணக்காகத் தேடப்பட்டவர், மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைப் பொதிசெய்த தொழிற்சாலைப் பணியாளர் என்று 2009 இல் தெரிந்தது. அந்தக் குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. எஞ்சியிருக்கும்.

இதனால் நான் டி.என்.ஏ. பரிசோதனையைக் குறைத்து மதிக்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். சுனாமியின் பின் கல்முனை வைத்தியசாலையில் 81 என்ற இலக்கத்தால் அறியப்பட்ட குழந்தையைப் பெற்றோரிடம் சேர்த்தது 2005 இல் செய்யப்பட்ட அந்தப் பரிசோதனைதான். அங்கு எழுந்த கேள்வி "இது யாருடைய பிள்ளை?" என்பது, அதற்கு டி.என்.ஏ. நேரடியாகப் பதில் சொல்லும். லாச்சியில் படிந்த தடயத்தைப் பற்றிய கேள்வியோ, அது எப்போது, எந்த வழியில், யார் கை மூலமாக அங்கு வந்தது என்பது, அதற்கு டி.என்.ஏ. தனியே பதில் சொல்லாது. அதிலும் கூலிக்கு மூட்டை தூக்குபவரும், வீட்டு வேலை செய்பவரும், கடைப் பையன்களும் பிறர் பொருளைத் தொட்டே பிழைப்பவர்கள் என்பதால், இந்தத் தவறான எண்ணத்தின் சுமை முதலில் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

ஆகவே, இத்தகைய செய்திகளை எழுதும் தங்கள் செய்தியாளர்கள், மாதிரி எந்தப் பொருளின் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, அது ஒருவருடையதா பலருடைய கலவையா, சந்தேகநபர் அப்பொருளை வழமையாகத் தொடுபவரா என்ற விபரங்களையும் கேட்டறிந்து, அதே செய்தியில் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.