லடாக் குளிருக்கு முதல் மருந்து சுவரில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லடாக்கின் மாற்று எரிசக்தி பற்றிச் சென்ற இதழில் வந்த விவாதத்தைப் படித்தேன். சூரிய மின்சாரமா, நீர்மின்சாரமா, புவிவெப்பமா என்று எல்லோரும் மெகாவாட் கணக்கிலேயே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் வீடு விடுபட்டுப்போனது. லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 பாகையைத் தொடும். அங்கே குளிர்காலத்தில் ஒரு குடும்பம் எரிக்கும் விறகு, சாண வறட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் பெரும்பாலும் 'புகாரி' என்ற தகர அடுப்புக்குள் போய், அறையைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. தேவை சூடு. அதைக் கட்டாயம் மின்சாரமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை, இரண்டு பக்கம் வெளிச்சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மேலே மண் கூரை. வெளியே மைனஸ் 15, உள்ளே 15 பாகை வேண்டும் என்றால் ஏறத்தாழ 2,800 வாட் சூடு ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 67 யூனிட். குளிர்காலத்தில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் தருவது நாளுக்கு நான்கு, ஐந்து யூனிட். சாதாரண ஹீட்டர் போட்டால் ஒரே அறைக்கு 15 கிலோவாட் பேனல் கேட்கும். அதே அறையின் சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடுப்பு, அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு, போட்டு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வைத்து, கதவிடுக்குகளை அடைத்தால் வெளியேறும் சூடு 750 வாட்டாகக் குறைகிறது. இழப்பில் முக்கால் பங்கு போய்விட்டது, இன்னும் ஒரு பேனல்கூட வாங்கவில்லை.

இதற்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் அங்கேயே கிடைப்பதுதான். வெளிப்பக்கம் சுடாத பச்சைச் செங்கலில் அரையடிச் சுவர், நடுவே நான்கு அங்குல இடைவெளியில் உலர்ந்த வைக்கோல் அல்லது மரத்தூள், உள்ளே ஒரு அடிச் சுவர். கனமான சுவர் உள்ளே இருப்பது முக்கியம். பகலில் வாங்கிய சூட்டை இரவில் அறைக்கே திருப்பித் தரும். பலர் தவறுவது இரண்டு இடங்களில். மரத்தூள் நாளடைவில் அமுங்கி மேலே வெற்றிடம் விழும். மறுபடி நிரப்ப உச்சியில் வழி விடாவிட்டால் அந்த ஒரு முழ இடம் வழியாகவே குளிர் இறங்கும். கூரையில் வைக்கோலுக்கு அடியில், அதாவது அறைப் பக்கம், பாலித்தீன் விரிப்பு போட வேண்டும். மேல்பக்கம் மட்டும் போட்டால் சமையல் ஆவி வைக்கோலுக்குள் ஏறி, குளிர்ந்து, நீராகி, இரண்டொரு குளிர்காலத்தில் அழுகவைத்துவிடும்.

அடுத்தது தெற்குச் சுவர். லடாக்கில் ஆண்டுக்குச் சுமார் 300 நாள் வெயில் உண்டு. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. செங்குத்தான சுவருக்கு அது ஏறக்குறைய நேர் எதிர். அதனால் தெற்குச் சுவருக்கு வெப்பத்தடுப்பு கூடாது. ஒரு அடிக் கனத்தில் கட்டி, வெளியே மங்கலான கறுப்புப் பூச்சு அடித்து, நான்கு அங்குலம் தள்ளிக் கண்ணாடி போட வேண்டும். இதற்குப் பிரெஞ்சுப் பொறியாளர் பெயரால் டிராம்ப் சுவர் என்று பெயர். பகல் சூடு உட்புறம் வந்துசேர எட்டு முதல் பத்து மணி நேரமாகும். படுக்கையறைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆறு சதுர மீட்டர் சுவர் நல்ல வெயில் நாளில் ஒன்பது யூனிட் அளவுக்குச் சூடு தரும். மேலே சொன்ன அறையின் தேவையில் பாதி.

சுவரின் மேலும் கீழும் காற்றுத்துளை வைப்பவர்கள், இரவில் அதை மூட மறந்தால் ஓட்டம் தலைகீழாகி அறைச் சூட்டைக் கண்ணாடி வழியே வெளியே தள்ளும். கீழ்த்துளையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒருவழிக் கதவாகத் தொங்கவிட்டால் தானே மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் போலப் பகலில் மட்டும் இயங்கும் கட்டடத்துக்கு இந்தச் சுவர் ஏற்றதல்ல. சூடு வரும்போது ஆள் இருக்கமாட்டார்கள். அங்கே பெரிய தெற்கு ஜன்னலோ ஒட்டிக் கட்டிய பாலித்தீன் பசுமைக்குடிலோ போதும். குடிலில் ஜனவரியிலும் கீரை வரும்.

ஓர் எச்சரிக்கை. இடுக்குகளை அடைத்து இறுக்கமாக்கிய அறையில் பழைய புகாரியை அப்படியே எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அடுப்புக்கு வெளியிலிருந்தே காற்று வரத் தனிக்குழாய் வேண்டும், புகைக்குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும். வெப்பத்தடுப்புத் திட்டம் வகுப்பவர்கள் இதைத் தனிச் செலவாக எழுதாமல் விடவே கூடாது.

இனி மின்சாரம். பேனலைச் சுமார் 50 பாகை சாய்த்து வைத்தால் குளிர்கால வெயிலும் கிடைக்கும், பனியும் சறுக்கிவிடும். நம் பக்கத்து அனுபவத்தை அங்கே கொண்டுபோகிறவர்கள் மறப்பது வோல்ட்டேஜ். குளிரக் குளிர அது ஏறும்; ஒரு பாகைக்கு சுமார் 0.3 சதவீதம். 45 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் கணக்குப்படி 135. மைனஸ் 25 பாகை விடியலில் அதுவே 155-ஐத் தொடும். பேனலிலிருந்து பாட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் 150 வோல்ட்தான் தாங்கும் என்றால், முதல் குளிர்காலத்திலேயே எரிந்துபோவது இதனால்தான். இரண்டு பேனலோடு நிறுத்த வேண்டும், அல்லது கூடுதல் தாங்குதிறன் உள்ளதை வாங்க வேண்டும். பாட்டரியை வெளிக்கொட்டகையில் வைப்பது அடுத்த பிழை. ஈய-அமில பாட்டரி முழுதாக இறங்கியிருந்தால் மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து வெடித்துவிடும். லித்தியம் பாட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுப்போகும். இரண்டுக்கும் வீட்டுக்குள்தான் இடம்.

வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்து அறைக்குள் தள்ளும் ஹீட் பம்ப் நல்ல கருவி. ஆனால் மைனஸ் 20-இல் அது ஒரு யூனிட்டுக்கு இரண்டு யூனிட் சூடு தந்தாலே பெரிது. வெப்பத்தடுப்புக்குப் பிறகு போட்டால் பயன் உண்டு. முன்னால் போட்டால் பணமும் மின்சாரமும் சுவர் வழியே போகும்.

நீர்மின்சாரத்தைப் பெரிதாக நம்ப முடியாது. நிமு-பஸ்கோவில் 45, சுட்டக்கில் 44 மெகாவாட் நிலையங்கள் உள்ளன. அவை நிற்கும் சிந்துவும் சுருவும் பனி உருகி ஓடும் ஆறுகள். தேவை உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் வற்றுகின்றன. 2019 பிப்ரவரியில் திறந்த ஸ்ரீநகர்–லே 220 கிலோவோல்ட் தடம் வழியே வெளி மின்சாரம் வருகிறது, உண்மைதான். ஆனால் ஊர்க்கோடியில் உள்ள 25 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு கிலோவாட் ஹீட்டர் பன்னிரண்டு போட்டாலே நிறைந்துவிடும். காற்றாலைக்கு அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. சாண எரிவாயுக் கலன் பத்துப் பாகைக்குக் கீழே ஏறக்குறைய உறங்கிவிடும். புவிவெப்பம் என்றால், லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் உள்ள வெந்நீர் ஊற்றுச் சூடு அந்தப் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளுக்குப் பயன்படலாம். வெகுதூரத்தில் உள்ள லேவுக்குக் குழாயில் கொண்டுவர முடியாது.

லடாக்கின் பாங் பகுதியில் திட்டமிட்டுள்ள 13,000 மெகாவாட் மாற்று எரிசக்தித் திட்டம் பற்றியும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மின்தடம் ஹரியானாவின் கைத்தல் வரை போகிறது. நாட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும். ஆனால் அதற்கான நிலம் சாங்பா மக்கள் பஷ்மினா ஆடு மேய்க்கும் வெளி. நிலத்தைக் கொடுப்பவர்களின் கூடாரத்துக்கும் குளிர்கால வீட்டுக்கும் என்ன கிடைக்கிறது என்பதைத் திட்டச் செலவுக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலமும் கணக்கில் வர வேண்டும். பச்சைச் செங்கல் அறுத்துக் காயவைக்க, சுவர் எழுப்ப, மண் பூச அங்கே மே முதல் செப்டம்பர் வரைதான் முடியும். அக்டோபர் உறைபனியில் ஈரமண் உறைந்து, வெடித்து, உதிரும். நிதியாண்டுக் கடைசியில் பணம் ஒதுக்கி, டெண்டர் முடிய ஆகஸ்ட் ஆனால் அந்த ஆண்டுக் குளிருக்குச் சுவர் இராது. வெப்பத்தடுப்புக்கான ஒதுக்கீடு ஏப்ரலுக்குள் கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
ஈரோடு.