வீட்டுப்பாடம் இனி டைரியில்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கிறது. இந்த வாரத்திலிருந்து நம் பள்ளியில் 6 முதல் 10 வரை எந்த வகுப்புக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வராது. பீரியடு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பு கரும்பலகையில் எழுதிப் போடுவோம். பிள்ளைகள் அதைத் தங்கள் கையாலேயே டைரியில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஏன் இந்த மாற்றம், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்தபின் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வாட்ஸ்அப் இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்குப் படிப்பே விட்டுப்போயிருக்கும். அதை மறக்கவில்லை. ஆனால் பள்ளி திறந்த பிறகும் அந்த வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அதனால் வந்த கேடு என்ன என்பது நோட்டுத் திருத்தும்போது தெரிகிறது.

ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்ட வேண்டும். விடை 5/6. பின்னம் பிடிபடாத பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும். அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று அதற்குத் தோன்றியிருக்காது. இன்னொரு பிள்ளை பகுதியை 6 என்று சரியாக மாற்றிவிட்டு, தொகுதியை மாற்ற மறந்து 2/6 என்று எழுதும். இரண்டும் தவறுதான், ஆனால் ஒரே தவறல்ல. முதல் பிள்ளைக்குத் தாளை மடித்துக் காட்டிப் பின்னம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வரி நினைவூட்டினால் போதும். யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டிக் கொடுப்பது அந்தத் தவறான விடைதான்.

இப்போது மாலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளை கணக்கைப் போட்டு, போட்டோ எடுத்து, பிள்ளைகளே வைத்திருக்கும் குழுவில் போடுகிறது. ஏழு மணிக்குள் பாதி வகுப்பின் நோட்டில் 5/6 ஏறிவிடுகிறது. போட்டோ மங்கலாக இருந்து 7 என்பது 1 போலத் தெரிந்தால், அந்த 1-ம் வரிசையாகப் பத்து நோட்டுகளில் வந்து நிற்கிறது. நண்பன் போடாவிட்டாலும் வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் மெட்டா ஏஐ விடையைக் கொடுத்துவிடுகிறது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போகிறார். பின்னம் புரியாத பிள்ளை விகிதத்துக்கும் சதவீதத்துக்கும் வந்து திணறுகிறது. சமூக ஊடகம் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போவது.

ஆகவே வீட்டுப்பாடத்துக்கு இனி மதிப்பெண் கிடையாது. தவறாக எழுதியதற்காக யாரையும் கண்டிக்க மாட்டோம். எந்த வரியில் நின்றுபோனதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். வட்டம் போட்ட நோட்டைத்தான் மறுநாள் முதலில் பார்ப்போம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தவறைக் கண்டால் நீங்கள் திருத்தாதீர்கள், அப்படியே அனுப்புங்கள். பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் உடன் படிக்கும் பிள்ளைக்குப் போன் செய்து, சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். போட்டோ வாங்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பை அடியோடு விட்டுவிடப் போவதில்லை. அது நன்றாக உதவக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க 45 நிமிடப் பீரியடு போதாது. வாசிப்பில் காப்பி அடிக்கவும் முடியாது. எனவே 6, 7, 8 வகுப்புகளுக்கு வாரம் இரண்டு நாள், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என, ஒரு நிமிட வாசிப்பைக் குரல் பதிவாக வகுப்பாசிரியரின் பள்ளி எண்ணுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். குழுவில் போடக்கூடாது. தடுமாறும் பிள்ளையின் குரலை நாற்பது வீட்டில் கேட்க வேண்டியதில்லை. பத்தியை முதலில் ஒருமுறை மனதுக்குள் படிக்கட்டும், பிறகு போனை ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யட்டும். மின்விசிறி ஓடினால் ல, ள, ழ வேறுபாடு பதிவில் கேட்காது. நன்றாக வரும்வரை பத்து முறை பதிவு செய்ய வைக்காதீர்கள். முதல் பதிவே எங்களுக்கு வேண்டும். எந்தச் சொல்லில் நின்றது, எங்கே மூச்சு வாங்கியது என்பதைக் கேட்டுத்தான் அடுத்த வாரத்துக்கான பயிற்சியை முடிவு செய்வோம்.

அடுத்தது யூடியூப். பாடநூலில் பாடத்துக்குப் பாடம் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இருக்கின்றன. காணொளி பார்ப்பதில் தவறில்லை. பார்த்ததும் படித்துவிட்டதாக மனம் நம்பிவிடுவதுதான் சிக்கல். இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியை ஒரு பிரிவினர் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும் நினைவில் இருந்தது. காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் திரும்பப் படிப்பது போலத்தான். அன்றைக்குத் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு வரைக்கும் நிற்காது.

எனவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். முதலில் புத்தகத்தில் அந்தப் பகுதியைப் பத்து நிமிடம் படிக்க வேண்டும். பிறகு பத்து நிமிடத்துக்கு மேற்படாத ஒரே ஒரு காணொளி, அதையும் பாதியில் ஒருமுறை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். முடிந்ததும் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவில் உள்ளதை ஐந்தாறு வரி எழுதட்டும். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேர்க்கட்டும். அந்த வேறு நிறத்தில் இருப்பதுதான் மறுநாள் படிக்க வேண்டியது. அடுத்த காணொளி தானாக ஓடாதபடி ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் பதிவை அழித்து, இனிச் சேராதபடி நிறுத்தி வைத்தால், முகப்பில் வரிசையாக வந்து இழுக்கும் பரிந்துரைகளும் வராது. தேடிய பாடம் மட்டும் கிடைக்கும்.

படிக்கும்போது போனை மேசையிலேயே கவிழ்த்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறோம். போதாது, வேறு அறையில் இருக்கட்டும். ஒருமுறை கவனம் சிதறினால் விட்ட இடத்துக்குத் திரும்ப 20 நிமிடம்வரை ஆகலாம் என்று 2023-இல் வந்த யுனெஸ்கோ கல்வி அறிக்கை சொல்கிறது. ஒரு மணி நேரப் படிப்பில் மூன்று முறை போன் மினுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நம் நாட்டுக் கிராமப்புறங்களில் 2024-இல் எடுத்த ‘அசர்’ என்ற கல்வி நிலை ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரம் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். படிக்கத்தான் போன் கேட்கிறான் என்று சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்குக் கீழே 6 வயதுவரை ஒன்பது முதல் பன்னிரண்டு. முதல் பீரியடில் கண் சொருகும் பிள்ளைக்கு எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பாடம் ஏறாது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்றால் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தால் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. இன்ஸ்டாகிராம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாதபடி தானாகவே பூட்டுப் போடுகிறது. பெரியவர் என்று பதிந்த பிள்ளைக்கு அந்தப் பூட்டு கிடையாது. உங்கள் பிள்ளையின் கணக்கில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

வகுப்புக் குழுக்களில் இனி ஆசிரியர் மட்டுமே செய்தி போட முடியும். அதுவும் மாலை 5 முதல் 7 மணிக்குள், அறிவிப்பு மட்டும். மதிப்பெண் பட்டியல் குழுவில் வராது. யார் எத்தனை எடுத்தார்கள் என்பது அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பிள்ளைகளை வைத்து ரீல்ஸ் எடுத்துச் சொந்தக் கணக்கில் போடக்கூடாது என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிவிட்டோம். கேமரா ஓடும்போது பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை. ஆண்டு விழா, விளையாட்டு விழாப் படங்களில் முகம் தெரியலாமா என்பதற்கு ஒப்புதல் சீட்டு இணைத்துள்ளோம். வேண்டாம் என்று எழுதுவது உங்கள் உரிமை, காரணம் சொல்லத் தேவையில்லை.

மழைக்காலம் வருகிறது. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற செய்தி அட்டைகளும் வரும். அவற்றில் பல, தேதியை வெட்டிவிட்ட பழைய அட்டைகள். நம் மாவட்டப் பெயர், நாளைய தேதி, மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் நம்ப வேண்டாம். விடுமுறை உறுதியானதும் வகுப்புக் குழுவில் நாங்களே தெரிவிப்போம்.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘இதுதான் வரும்’ என்று டெலிகிராமில் சுற்றும் முக்கிய வினாத் தொகுப்புகளை நம்பி மற்றப் பாடங்களை விட்டுவிடுவது பெரிய இழப்பில் முடியும். கணக்குத் தாளில் 28-ஆவது, 42-ஆவது வினாக்கள் கட்டாய வினாக்கள், வேறொன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பயிற்சிக் கணக்கை அப்படியே கேட்காமல் யோசித்துப் போட வேண்டியதாக அவை அமைவது உண்டு. மனப்பாடத் தொகுப்பு அங்கே கைகொடுக்காது.

உங்கள் பிள்ளையின் படத்தை மாற்றிப் போட்டோ, குழுவில் கேலி செய்தோ, யாராவது மிரட்டியோ தொல்லை கொடுத்தால் முதலில் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது. செய்திகளை அழிக்காதீர்கள், அழித்தால் சான்றும் போய்விடும். அனுப்பியவரின் எண், பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்து பிளாக் செய்யுங்கள். ஆபாசப் படமாக இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ, எங்களுக்கோ உறவினருக்கோ அனுப்பவோ வேண்டாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட அத்தகைய படத்தைப் பகிர்வதே சட்டப்படி குற்றம். போனை நேரில் எடுத்துவாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 முதல் 6 மணிவரை கணினி அறையில் ஆசிரியர்கள் இருவர் இருப்பார்கள். ஆட்டோபிளே, பிறந்த தேதி, செயலிகளுக்கு நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றை உங்கள் போனில் உங்கள் கையாலேயே மாற்றக் கற்றுத் தருவார்கள். போனில் பாதியாவது சார்ஜ் இருக்கட்டும், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும். அது தெரியாமல் வந்தால் பாதி நேரம் அதை மீட்பதிலேயே போய்விடும். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். வேலையால் வர முடியாதவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். ஒப்புதல் சீட்டைக் கையெழுத்திட்டு திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்